இடப்பக்கத்து நிழல்

என் வீட்டுக்காரர் அறிவரசனுக்குக் கோடைக்காலம் வந்தால் ஒரு தனிப் பெருமை வந்துவிடும். சிறுவாச்சூரிலிருந்து பெரம்பலூர் வரைக்கும் நெடுஞ்சாலையில் ஒரு பொட்டு வெயில் படாமல் பெண்டாட்டியை மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போகிற ஆம்பளை இந்த ஜில்லாவிலேயே தான் ஒருத்தர்தான் என்பது அவருடைய எண்ணம். சாலையோரத்துப் புளியமரங்களை நாலுவழிச் சாலை போட்டபோதே வெட்டித் தள்ளிவிட்டார்கள். அப்புறம் நிழலுக்கு எங்கே போவார் இந்த மனுசன் என்று கேட்பீர்கள். லாரிக்குப் போவார்.

விஷயம் இதுதான். காலையில் நாங்கள் வடக்கே பார்த்துப் போகிறோம். சூரியன் வலது கைப்பக்கம் இருக்கும். பெரிய லாரி ஒன்று போனால் அதன் நிழல் இடது பக்கம் விழும். அந்த நிழலுக்குள் வண்டியை நுழைத்து, லாரி போகிற வேகத்திலேயே கூடக் கூடப் போனால் போதும், குடை பிடித்தது மாதிரி பெரம்பலூர் வந்துவிடும். சாயங்காலம் தெற்கே பார்த்துத் திரும்பி வருகிறோம், சூரியன் மேற்கே இறங்கியிருக்கும். அப்போதும் நிழல் இடது பக்கமே விழும். இதை அவர் கண்டுபிடித்த அன்று அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"காலையிலயும் லெஃப்ட்டு, சாயங்காலமும் லெஃப்ட்டு. நமக்குன்னே சாமி பாத்துப் போட்ட ரோடு புள்ள இது" என்றார். எங்கள் ஊர்க் காளியம்மனுக்கு வெள்ளியும் திங்களும் வருகிற கூட்டத்தைச் சமாளிக்கவே நேரம் பத்தாது. இதில் அறிவரசனுக்கு நிழல் விழுகிற மாதிரி ரோடு வேறு போட்டுக் கொடுத்தாளாம்.

அவரைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதையெல்லாம் அவர் தனக்காகச் செய்யவில்லை. எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வெயில் உச்சந்தலையில் இறங்கினால் இடது கண்ணுக்கு மேலே யாரோ ஆணி அடிக்கிற மாதிரி ஆரம்பிக்கும். கல்யாணமான முதல் கோடையில், பெரம்பலூரில் நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் இறங்கியதும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அவர் அதே ஊரில் இருக்கிற தன்னுடைய மோட்டார் வைண்டிங் கடையைத் திறக்கவே இல்லை. ரோட்டோரம் நின்று போகிற வருகிற லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மறுநாளே நிழல் வந்துவிட்டது.

அதற்கப்புறம் லாரிகளில் அவருக்கு ஒரு தேர்ச்சி வந்துவிட்டது. ஜவுளி எடுக்க வருகிறவர்கள் சேலையைப் பிரித்துப் பார்ப்பது போல லாரியைப் பார்ப்பார். கன்டெய்னர் என்றால் முதல் தரம். உயரமும் உண்டு, நீளமும் உண்டு, நிழலுக்கு ஓட்டை கிடையாது. வைக்கோல் லாரி நிழலுக்கு நல்லது, ஆனால் கண்ணில் தூசு விழும். டிப்பரில் சுண்ணாம்புக்கல் தூள் பறக்கும். சிமெண்ட் ஏற்றுகிற பல்கர் லாரியை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. தொட்டி உருண்டையாக இருப்பதால் நிழல் ஒடிசலாக விழுமாம். ஆலத்தியூர்ப் பக்கம் பல்கர் ஓட்டுகிற என் தம்பி கலைச்செல்வனிடமே இதைச் சொல்லிக் குறைப்பட்டிருக்கிறார், ஏதோ அவன்தான் தொட்டியை உருட்டிச் செய்தவன் போல.

காலையில் சர்வீஸ் ரோட்டு முனையில் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருப்போம். ஒரு லாரி வரும். "இது வேணாம், ரொம்ப வெரசாப் போறான்" என்பார். இன்னொன்று வரும். "இவன் பாடி குட்டை, ஒனக்குத் தோள் வரைக்கும்தான் நிழலு வரும்." பிறகு ஒரு கன்டெய்னர் வரும். முகம் மலர்ந்து கிக்கரை உதைப்பார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள்கூட அவ்வளவு ஆசையாக பஸ்ஸைப் பார்க்க மாட்டார்கள்.

"எம்பொண்டாட்டிய நான் நிழல்லயே வச்சிருக்கேன்" என்று கடைத்தெருவில் சொல்லிக்கொள்வார். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. பக்கத்தில் ஆளுயரச் சக்கரங்கள் சுற்றிக்கொண்டு வரும். சூடான காற்று முழங்காலில் அடிக்கும். நான் அவர் முதுகில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். தலைவலி வராது.

இப்படி மூன்று கோடை ஓடியது. நாலாவது கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலத்தியூரில் தம்பி வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். தம்பி தன் பல்கரை வீட்டுக்கு முன்னால் ரோட்டோரமாக நிறுத்தியிருந்தான். சாப்பாடு முடிந்ததும் தம்பி மனைவி நந்தினி, "அண்ணி, ஏறி உக்காருங்க, ஒரு போட்டோ எடுக்குறேன்" என்று என்னைப் பிடித்து டிரைவர் சீட்டில் ஏற்றிவிட்டாள். ஏறுவதற்கே ஒரு மாடி ஏறுகிற மாதிரி இருந்தது. உட்கார்ந்தால் ஊரே கீழே கிடக்கிறது. எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு போட்டோவுக்கு உட்கார்ந்தேன்.

போட்டோவில் அவரும் இருக்கட்டுமே என்று தேடினேன். முன்னால் இல்லை. வலது பக்கக் கண்ணாடியில் இல்லை. இடது பக்கக் கண்ணாடியில் தொட்டியும், வேலிக்கருவையும், வெறும் ரோடும் தெரிந்தன. சரி, கடைக்குப் போயிருப்பார் என்று போன் அடித்தேன்.

"எங்க இருக்கீங்க?"

"இங்கதான் இருக்கேன். லாரிக்குப் பக்கத்துல, வண்டி மேல உக்காந்து நுங்கு தின்னுக்கிட்டு இருக்கேன்."

"எந்தப் பக்கம்?"

"நிழல் இருக்கிற பக்கம்."

நான் மறுபடியும் இடது கண்ணாடியைப் பார்த்தேன். தொட்டி, வேலிக்கருவை, ரோடு. கழுத்தை நீட்டி இடப்பக்க ஜன்னலைப் பார்த்தேன். தூரத்து வயல்தான் தெரிந்தது. ஆனால் நுங்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் காதில் கேட்கிறது. போனில் ஒரு தடவையும், அந்தக் கதவுக்கு அடியிலிருந்து ஒரு தடவையும்.

சிவப்புச் சட்டை போட்ட மனுசன், மூன்று பேருக்குப் போதுமான மீசை, ஒரு முழு மோட்டார் சைக்கிள், இவ்வளவும் சேர்ந்து அந்த ஜன்னலுக்குக் கீழே காணாமல் போயிருந்தது. மூன்று கோடையாக நாங்கள் இரண்டு பேரும் தினம் இரண்டு வேளை போய் உட்கார்ந்திருந்த இடம் அதுதான். ஸ்டியரிங் என் கையில் இருந்தது. நான் அதை இடது பக்கம் ஒடித்தால் அவர் இருக்க மாட்டார், எனக்கு அது தெரியவும் தெரியாது. போட்டோவில் நான் பேயறைந்த மாதிரி இருக்கிறேன். நந்தினி இன்னும் அதை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

இறங்கி வந்து தம்பியிடம் கேட்டேன்.

"ஆமாக்கா. அந்தப் பக்கம் கதவுக்குக் கீழயும், பின்னாடி கொஞ்ச தூரத்துக்கும் ஒண்ணும் தெரியாது. மூஞ்சிக்கு நேரா பம்பர் கிட்ட நின்னாலும் தெரியாது. முன்னாடியெல்லாம் கிளீனர் எட்டிப் பாத்து ரைட்டு சொல்லுவாரு. இப்ப எவன் கிளீனர் வைக்கிறான்?" என்றான் சாதாரணமாக.

"அப்ப பக்கத்துல பைக் வந்தா என்னடா பண்ணுவ?"

"அவங்கதான்க்கா பாத்து வரணும். என் மூஞ்சி அவங்களுக்குக் கண்ணாடில தெரிஞ்சா அவங்க மூஞ்சி எனக்குத் தெரியும். தெரியலன்னா இல்ல. அவ்ளோதான்."

பெரிய ஞானி மாதிரிதான் பேசினான். சாயங்காலம் பரோட்டா வாங்க அவன் தன் பைக்கை எடுத்துக்கொண்டு போனபோது நான் வாசலில் நின்று பார்த்தேன். ஒரு டிப்பர் லாரியின் இடப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, ஒரு கையால் தலையைக் கோதியபடி போனான். மேலே உட்கார்ந்தால் ஒரு புத்தி, கீழே இறங்கினால் ஒரு புத்தி. எங்கள் குடும்பமே இப்படித்தான் போலிருக்கிறது.

அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அவன் எதுக்கு புள்ள என்னப் பாக்கணும்? நாந்தான் அவனப் பாக்குறேனே. எம்மாம் பெரிய லாரி. எனக்குத் தெரியாமப் போயிருமா?"

"அவன் லெஃப்ட்டுல திரும்பிட்டா?"

"திரும்புனா நான் பிரேக் அடிப்பேன்."

"அவன் டக்குனு ஒடிச்சா?"

"நான் டக்குனு அடிப்பேன்."

இந்த மாதிரி பதில் சொல்கிறவரிடம் எப்படிப் பேசுவது? கடையில் சில பேர் வருவார்கள். எதிரே தொங்குகிற அட்டையில் ஒரு எழுத்தும் படிக்க முடியாது, ஆனால் "எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, நீங்க எழுத்தக் கொஞ்சம் பெருசாப் போட்டா என்ன?" என்று சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்காவது ஒரு கண்ணாடியை மாட்டி அனுப்பலாம்.

"நீங்க நிழல விடுற வரைக்கும் நான் ஒங்க வண்டில ஏற மாட்டேன்" என்றேன்.

"வெயில்ல போனா ஒனக்குத் தலை வலிக்கும்."

"வலிச்சா வலிக்கட்டும்."

"வலிக்கக் கூடாது" என்றார் அவர். அதோடு பேச்சு முடிந்தது. அவருக்குக் கோபமே வராது. கோபம் வந்தாலாவது ஒரு வழி பிறக்கும்.

மறுநாளிலிருந்து நான் பஸ்ஸில் போனேன். அவர் தினமும் காலையில் பஸ் ஸ்டாப்பில் என் எதிரே வந்து வண்டியை நிறுத்துவார். பின்சீட்டைத் துண்டால் துடைப்பார். "வரியா?" என்பார். நான் வேறு பக்கம் பார்ப்பேன். ஒரு கன்டெய்னர் வரும். அதை ஆசையாகப் பார்ப்பார், என்னையும் பார்ப்பார், பிறகு தனியாகக் கிளம்பிப் போவார். பெண் பார்க்க வந்து ஏமாந்து போகிற மாப்பிள்ளை மாதிரி ஒரு போக்கு.

பஸ் ஸ்டாப்பில் பூ விற்கிற சின்னம்மாள் இதை ஒரு வாரம் பார்த்தார். அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஏம்மா வெற்றி, வூட்டுக்காரரோட பேச்சு வார்த்தை இல்லையா?"

"அதெல்லாம் இருக்குங்க. நேத்துகூட ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிட்டோம்."

"அப்பறம் ஏன் அவரு வெறும் வண்டில போறாரு, நீ பஸ்ஸுல போற?"

"அவரு லாரி நிழல்ல போறாருங்க. எனக்குப் பயமா இருக்கு."

சின்னம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். குடும்பத்தில் நடக்கிறதை மறைப்பதற்கு ஒரு பெண் இப்படியொரு காரணத்தைக் கண்டுபிடிப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "சரிம்மா, நீ சொல்லாட்டிப் போ" என்று இரண்டு முழம் பூவைச் சும்மாவே கொடுத்தார். அன்று சாயங்காலத்துக்குள் நாங்கள் பிரிந்துவிட்டோம் என்று ஊர் முழுக்கப் பேச்சு.

ஊர் பேசுவது எனக்கு ஒரு பொருட்டில்லை. பஸ் ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு பார்ப்பதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. பஸ் லாரியைத் தாண்டும்போது நான் எட்டிப் பார்ப்பேன். லாரிக்கு அந்தப் பக்கம் அவர் இருக்கிறாரா என்று தெரியாது. தாண்டின பிறகு திரும்பிப் பார்த்தால் நிழலுக்குள் ஒரு சிவப்போ நீலமோ தெரியும். ஒருநாள் கன்டெய்னர் டிரைவரின் முகம் பக்கத்தில் தெரிந்தது. போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அவனுக்கு இடது பக்கம் கீழே என் குடும்பமே போய்க்கொண்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

கடைக்குப் போனதும் முதல் வேலையாக அவருக்குப் போன் அடிப்பேன். "வந்துட்டேன் புள்ள. வேர்க்கவே இல்ல" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கண்ணாடி துடைக்கிற துணி கையில் நிற்கும். ஒருநாள் அவர் போனை எடுக்கவில்லை. அரைமணி நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தாராம், கையெல்லாம் கிரீஸாம். இந்த மனுசன் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று அன்றைக்கு ஒழுங்காக யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அந்த யோசனைக்குள் என்னால் போகவே முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கடையில் என்னோடு வேலை பார்க்கிற உண்ணாமலை பிரசவத்துக்கு லீவு போட்டாள். அவளுடைய ஸ்கூட்டியை "சும்மா நின்னா பேட்டரி போயிடும்க்கா, நீ ஓட்டு" என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில் ஓட்டிப் பழகினேன். லைசென்ஸும் எடுத்தேன். ஹெல்மெட் வாங்கினேன். ரோட்டில் ஏறின பிறகு லாரிகளிடம் எப்படி நடந்துகொள்வது என்று எனக்கே ஒரு முறை வந்துவிட்டது. பின்னால் போனால் நல்ல இடைவெளி விட்டு, அதன் கண்ணாடியில் டிரைவர் முகம் தெரிகிற மாதிரி போவேன். தாண்டுவதானால் வலது பக்கமாக, ஹாரன் அடித்து, அவன் பார்த்துவிட்டான் என்று தெரிந்த பிறகு, நடுவில் தயங்காமல் ஒரே மூச்சில் தாண்டுவேன். தாண்டும்போது காற்று ஒரு தள்ளு தள்ளும், கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். தாண்டியதும் அவன் மூக்குக்கு முன்னால் போய் நிற்க மாட்டேன். மற்றபடி வெயில் வெயில்தான். தலைவலியும் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டேன்.

அவருக்கு இது ஆறவில்லை. "கண்ணெல்லாம் செவந்து கெடக்கு பாரு. நிழல்ல வந்திருந்தா இப்படி ஆவுமா?" என்று தினமும் ராத்திரி நெற்றியில் பற்றுப் போட்டுவிடுவார். போட்டுவிட்டு, மறுநாள் காலையில் கன்டெய்னரைத் தேடிக்கொண்டு போவார்.

மே மாதக் கடைசியில் ஒருநாள் அவருடைய வண்டி செயின் மாற்றுவதற்காக மெக்கானிக் கடையில் நின்றது. முந்தின நாள் ராத்திரி எங்கள் ஊர் விவசாயி ஒருவர் எரிந்துபோன மோட்டார் ஒன்றை வீட்டிலேயே கொண்டுவந்து போட்டிருந்தார். அதைப் பெரம்பலூர் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். தோதாகக் கலைச்செல்வன் போன் பண்ணினான். திருச்சியில் சிமெண்ட்டை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு வருகிறானாம். அவனும் இவருமாக மோட்டாரைத் தூக்கி பல்கர் கேபினில் ஏற்றினார்கள். அது உருளாமல் பிடித்துக்கொள்ள இவரும் கூடப் போவது என்று முடிவாயிற்று. நான் ஸ்கூட்டியில்.

ஏறுவதற்கு முன்னால் என்னிடம் வந்து ஹெல்மெட் பட்டையைச் சரிபார்த்தார். பிறகு பெரிய மனது பண்ணி உபதேசமும் செய்தார்.

"எங்க லெஃப்ட்டுலயே வா. பல்கர் நிழலு ஒடிசலாத்தான் இருக்கும், அதனால நல்லா ஒட்டியே வா. தம்பி வண்டிதானே, என்ன பயம்? வெயில்ல வந்து தலவலிய இழுத்துக்காத."

"சரிங்க" என்றேன். வாக்குவாதம் பண்ண நேரமில்லை. கடைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

பல்கர் கிளம்பியது. நான் அது போகட்டும் என்று விட்டுவிட்டு மெதுவாகப் பின்னால் போனேன். கொஞ்ச தூரத்தில் வெயில் இடது கண்ணுக்கு மேலே ஆணியை வைத்தது. ரோட்டோரத்தில் ஒருவர் நீலத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். சாலையை விட்டு நன்றாக உள்ளே இறக்கி ஸ்கூட்டியை நிறுத்தினேன். போனை சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன், அது அங்கேயே கிடந்தது. நுங்கு இளசாக இருந்தது. ஆற அமர உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அந்த நேரத்தில் கேபினில் நடந்ததைத் தம்பி பிறகு சொன்னான்.

இவர் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற படுக்கைப் பலகையில், மோட்டாரைக் காலால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் கேட்டிருக்கிறார்.

"மாப்ள, அக்கா வராளா பாரு."

"எங்க மாமா?"

"லெஃப்ட்டுலதான். நிழல்ல வரச் சொன்னேன்."

"நிழல்ல வந்தா எப்படி மாமா தெரியும்?"

இவர் முன்னால் எக்கி, தம்பி தோள் மேல் முகத்தை வைத்து, இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்திருக்கிறார். தொட்டி தெரிந்தது. வெள்ளைக் கோடு தெரிந்தது. நான் இல்லை. நிழலில் வருகிற பெண்டாட்டியும், வராத பெண்டாட்டியும் அந்தக் கண்ணாடியில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். இன்னொரு தடவை எக்கிப் பார்த்தாராம். பிறகு,

"மெதுவாப் போ மாப்ள."

"மெதுவாத்தான் மாமா போறேன்."

"இன்னும் மெதுவாப் போ. அவ போன எடுக்க மாட்டேங்குறா."

"வண்டி ஓட்டிக்கிட்டு எப்படி மாமா எடுக்கும்?"

மோட்டாரைத் தாண்டி இடப்பக்க ஜன்னலுக்குப் போகலாம் என்று எழுந்திருக்கிறார். அப்போது பார்த்துப் பின்னால் வந்த பஸ்காரன் விடாமல் ஹாரன் அடித்திருக்கிறான். தம்பி வழிவிடுவதற்காக வண்டியை இடது பக்கம் ஒதுக்கினான். "ஒடிக்காத, ஒடிக்காத, அவ அங்க இருக்கா" என்று இவர் அவன் கையைப் பிடித்திருக்கிறார். பின்சக்கரம் எதன் மேலோ ஏறி இறங்கியது. டொப் என்று ஒரு சத்தம்.

தம்பி வண்டியை ஓரம் கட்டி பிரேக் போடுவதற்குள் இவர் கதவைத் திறந்து குதித்துவிட்டார். அவ்வளவு உயரத்திலிருந்து.

இது ஒன்றும் தெரியாமல் நான் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். தூரத்திலேயே பல்கர் நான்கு பக்கமும் விளக்கு மின்னிக்கொண்டு ஓரமாக நிற்பது தெரிந்தது. தம்பி ரோட்டில் நின்று பின்னால் வருகிற வண்டிகளுக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைத் தலையில் வைத்துக்கொண்டான். லாரியைக் காட்டினான்.

பின்சக்கரங்களுக்கு நடுவில் இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. செருப்பு இல்லை. வெடித்த குதிகாலைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. ஒரு நொடி என் உயிர் போய்விட்டது. பிறகு அந்தக் கால்கள் அசைந்தன. உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. என் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், சத்தமாக இல்லை, தொலைந்துபோன சாவியைத் தேடுகிறவர் தனக்குத்தானே முணுமுணுப்பது போல. "வெற்றி. வெற்றி. இங்க இல்லையே. வெற்றி."

"என்னங்க" என்றேன்.

குரல் நின்றது. வெளியே வருகிற அவசரத்தில் தலையை மட்கார்டில் இடித்துக்கொண்டார். ஊர்ந்து வந்து நிமிர்ந்தார். சட்டையெல்லாம் கிரீஸ், முட்டி இரண்டும் சிராய்த்து ரத்தம். என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து லாரிக்கு அடியில் மறுபடியும் ஒருமுறை பார்த்தார், அங்கே இன்னொரு வெற்றிச்செல்வி கிடக்கவில்லையே என்று உறுதி பண்ணிக்கொள்கிறவர் மாதிரி. சக்கரத்தில் சிக்கி இழுபட்டு வந்த பழைய டயர் துண்டு ஒன்றுதான் அங்கே நசுங்கிக் கிடந்தது.

"எங்க போன?" என்றார்.

"நுங்கு சாப்பிட்டேன்."

தம்பிக்கு அந்தப் பதட்டத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவர் சிரிக்கவில்லை. என் ஹெல்மெட் பட்டையைக் கழற்றப் பார்த்தார். கிரீஸ் கையில் பட்டை வழுக்கிக்கொண்டே போனது. நானே கழற்றினேன். உடனே இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்து, சந்தையில் பூசணிக்காயைத் தடவிப் பார்க்கிற மாதிரி சுற்றிச் சுற்றித் தடவினார். காது, பிடரி, நெற்றி எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார். என் முகமெல்லாம் கிரீஸ் ஆயிற்று.

"நாந்தான ஒன்ன அங்க வரச் சொன்னேன்" என்றார். "ஒட்டி வான்னு நாந்தான சொன்னேன்."

"நான் வரலீங்க. நான் ரொம்பப் பின்னாடிதான் வந்தேன்."

"நீ வந்திருப்ப. நான் சொன்னா நீ கேப்ப. மூணு வருசமா நான் சொன்ன எடத்துலதான ஒக்காந்து வந்த."

அப்படியே மண்ணில் உட்கார்ந்து என் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். போகிற பஸ்ஸெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு போனது. நான் அந்தக் கோடை முழுக்க அவரைச் சொல்லிக் காட்டுவதற்கென்று எத்தனையோ பேச்சுகளைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் நறுக்கென்று இருக்கும். அவற்றில் ஒன்றுகூட அப்போது வாயில் வரவில்லை. எனக்கும் அழுகைதான் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

பல்கரின் நிழல் எங்களுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் நல்ல வெயிலில் இருந்தோம். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். எத்தனை வருசப் பழக்கம், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தல வலிக்குதா?"

"வலிக்குது" என்றேன்.

என் தலையிலிருந்து அவர் கையை எடுக்கவே இல்லை.

"வலிக்கட்டும் புள்ள" என்றார். "தல இருக்குல்ல. வலிக்கட்டும்."